உங்களுக்குத் தெரியுமா? தலைக்கு மேலே இரண்டு கை

"எங்க பால்டா!" "போடா, உன் கால்ல பட்டுத்தான் போச்சு!"

பள்ளி மைதானத்தில் பந்து கோட்டைத் தாண்டினால் முதலில் கேட்பது இதுதான். பி.டி. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு பக்கம் கையை நீட்டுவார். வழக்கில் ஜெயித்தவன் பந்தைத் தூக்கி எறிவான். உடனே அடுத்த விசில்: "ஃபவுல் த்ரோ!" ஏன் ஃபவுல் என்று நாங்கள் கேட்டதில்லை, அவர் சொன்னதும் இல்லை. இரண்டு விசிலுக்கு நடுவில் நாங்கள் கற்ற பாடம் அவ்வளவுதான். பெரிய ஆட்டங்களில் ஒரு போட்டிக்கு நாற்பது, ஐம்பது தடவை நடக்கிற காரியம் இந்த த்ரோ-இன். டி.வி.யில் பார்ப்பவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்கள். இந்த வாரம் போகாமல் உட்காருவோம்.

*

எறிந்த பந்து யார் மேலும் படாமல் நேராக எதிரணியின் கோலுக்குள் போனால்? கோல் கிடையாது, எதிரணிக்கு கோல்கிக். சரி, எறிந்தவரின் சொந்தக் கோலுக்குள்ளேயே போய்விட்டால்? அதுவும் கோல் கிடையாது, எதிரணிக்கு கார்னர். இந்த இரண்டாவது விடையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு ஃபின்லாந்துக்காரருக்காக அதை அவிழ்க்க வேண்டியிருக்கும்.

*

பக்கவாட்டுக் கோட்டை ஏன் 'டச்லைன்' என்கிறார்கள்? 1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் முதன்முதலாக விதிகளை எழுதியபோது, வெளியே போன பந்தை எவர் முதலில் தொடுகிறாரோ அவருக்கே எறியும் உரிமை. யார் காலில் பட்டுப் போனது என்ற விசாரணையே கிடையாது. ஓடு, தொடு, எறி. அந்தத் தொடுதல் இன்றுவரை கோட்டின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைய விதியில் இன்னும் இரண்டு வேடிக்கை உண்டு. பந்தைக் கோட்டுக்குச் செங்குத்தாக, நேரே மட்டும்தான் எறிய வேண்டும். எறிந்த பந்து தரையில் பட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கியதாகக் கணக்கு. ரக்பியில் இரண்டு அணியும் வரிசை கட்டி நிற்க, நடுவில் நேராகப் பந்தை எறிகிறார்களே, அது இதன் ஒன்றுவிட்ட அண்ணன். ஒரே வீட்டில் பிறந்து தனிக்குடித்தனம் போனவர்கள்.

*

லண்டன் சொன்னதை எல்லா ஊரும் கேட்டுவிடவில்லை. ஷெஃபீல்டு நகரத்துக்குத் தனி விதிப்புத்தகம் இருந்தது. அங்கே வெளியே போன பந்தைக் காலால் உதைத்தே உள்ளே அனுப்பினார்கள். கால்பந்து என்று பெயர் வைத்துவிட்டுக் கையால் எறிவானேன் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. 1877-ல் ராஜி ஏற்பட்டது. எந்தத் திசையிலும் எறியலாம் என்று லண்டன் இறங்கி வந்தது. ஷெஃபீல்டு தன் புத்தகத்தை மூடி வைத்தது.

*

உங்கள் வீட்டுப் பரணில் பழைய 'ஜி.எம்.' கிரிக்கெட் மட்டை கிடக்கிறதா? 'கன் அண்ட் மூர்' என்ற அந்த நிறுவனத்தை 1885-ல் நாட்டிங்ஹாமில் தொடங்கிய இருவரில் ஒருவர் வில்லியம் கன். கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் இங்கிலாந்துக்கு ஆடியவர், ஆறடிக்கு மேல் உயரம். அந்தக் காலத்தில் ஒரு கையாலேயே த்ரோ-இன் எறியலாம். பவுண்டரியிலிருந்து விக்கெட் கீப்பருக்கு எறிந்து பழகிய கை அல்லவா? நாட்ஸ் கவுண்டி அணிக்காக அவர் எறிந்தால் பந்து எங்கேயோ போய் விழும். ஸ்காட்லாந்துக்காரர்களோ இரண்டு கையாலும் எறிவதுதான் முறை என்று பிடிவாதமாக இருந்தார்கள். 1882 டிசம்பரில் மான்செஸ்டரில் பிரிட்டனின் நான்கு சங்கங்களும் கூடிப் பேசி, இரண்டு கை என்பதைப் பொது விதியாக்கின. கன்னின் கைவரிசைதான் இந்த விதிக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. கால்பந்தில் போன பெயரை மட்டை விற்று அவர் மீட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

இப்போது பி.டி. மாஸ்டர் சொல்லாமல் விட்டது. விதிப்புத்தகத்தில் த்ரோ-இன்னுக்கு எண் 15. எறிபவர் மைதானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பாதங்களிலும் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ தரையில் பட்டிருக்க வேண்டும். இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக, பந்து வெளியேறிய இடத்திலிருந்து எறிய வேண்டும். அவ்வளவுதான்.

இதில் இல்லாதவற்றைப் பாருங்கள். பந்து சுழலக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆனாலும் உள்ளூர் மைதானங்களில் பந்து கொஞ்சம் சுழன்றாலே கூட்டம் "ஃபவுல்" என்று கத்தும். குதிகால் கோட்டின் மேல் இருந்து விரல்கள் உள்ளே எட்டிப் பார்த்தாலும் தப்பில்லை. கோடு மிதிபடுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு காலைத் தூக்கினால் மட்டும் மன்னிப்பு கிடையாது. எங்கள் பள்ளியில் முக்கால்வாசி 'ஃபவுல் த்ரோ' அந்தப் பின்னங்காலால்தான் வந்தது என்று இப்போது புரிகிறது. எறிகிற வேகத்தில் அது கொக்கு மாதிரி தானாக மேலே போய்விடும்.

*

மண்டி போட்டு எறியலாமா? கூடாது. உட்கார்ந்து? அதுவும் கூடாது. இப்படியெல்லாம் முயன்று பார்த்த புண்ணியவான்கள் இருந்ததால்தான், 'நிற்க வேண்டும்' என்ற சொல்லையே விதியில் அழுத்தி எழுதிவிட்டார்கள்.

*

தவறாக எறிந்தால் பந்து எதிரணிக்குப் போகும். ஆனால் எறிந்த பந்து மைதானத்துக்குள் நுழையவே இல்லை, கோட்டுக்கு வெளியிலேயே தரையில் விழுந்துவிட்டது என்றால்? அதே அணிக்கு, அதே இடத்தில் இன்னொரு வாய்ப்பு. முறை தவறினால் தண்டனை, குறி தவறினால் மன்னிப்பு. காற்று பலமாக அடிக்கிற கடற்கரை ஊர் மைதானங்களில் இந்த மன்னிப்பின் அருமை தெரியும்.

*

நண்பர் யாரும் காலியாக நிற்கவில்லை. எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போகிறார். அவர் முதுகிலேயே பந்தை எறிந்து, திரும்பி வருகிற பந்தை நீங்களே காலால் எடுத்துக்கொண்டு ஓடலாமா? தாராளமாக! விதியே அனுமதிக்கிறது. எறிந்தவர், வேறொருவர் மேல் பந்து படும்வரை மறுபடி தொடக் கூடாது. முதுகும் 'வேறொருவர்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மெதுவாக, விளையாட்டு நோக்கத்தோடு எறிய வேண்டும், அவ்வளவே. கோபத்தில் மண்டையைக் குறிவைத்தால் கதை சிவப்பு அட்டை வரை போகும். பார்க்கக் குறும்பாக இருக்கும், ஆனால் சுத்தமான ஆட்டம்.

*

எறியப்போவது போல் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, பிறகு 'நீயே எறி' என்று சக ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் வரும் வியாதி இது. விதிப்புத்தகம் இதைப் பெயர் சொல்லாத குறையாக விவரித்து, மஞ்சள் அட்டை என்கிறது. நடுவர்கள்தான் பெரும்பாலும் பெரிய மனது பண்ணுகிறார்கள்.

*

த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கிடையாது. 1920-ல் வந்த சலுகை இது. அதற்கு முன்னால் தற்காப்பு அணி கொஞ்சம் முன்னேறி நின்றாலே போதும், பந்தை வாங்க ஆளில்லாமல் எறிபவர் திண்டாடுவார். இன்று ஓர் ஆட்டக்காரர் கோல் கீப்பருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு த்ரோ-இன்னை வாங்கலாம், கொடி உயராது. அவர் அதை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால், அந்த இரண்டாவது ஆளுக்கு ஆஃப்சைடு உண்டு. தெருவில் ஆடும் பையன்கள் இங்கேதான் சட்டை கிழியச் சண்டை போடுவார்கள்.

*

1992-ல், சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தருகிற பந்தை கோல் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. விதி வந்தால் சந்தும் வருமே! காலால் தந்தால்தானே தப்பு, த்ரோ-இன் கையால் எறிவதாயிற்றே? கோட்டிலிருந்து நேரே கீப்பருக்கு எறிந்தார்கள், அவர் அணைத்துக்கொண்டார், கடிகாரம் ஓடியது. அந்தச் சந்தை அடைக்க 1997 வரை ஐந்து வருடம் ஆயிற்று.

*

ரோரி டெலாப். இவருக்கு மட்டும் கொஞ்சம் அதிக இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பள்ளி நாளில் ஈட்டி எறிந்தவர். 2008-ல் ஸ்டோக் சிட்டி அணி இங்கிலாந்தின் பிரீமியர் லீகுக்கு ஏறி வந்தபோது, எல்லாரும் சுலபமாக வென்றுவிட்டுப் போகலாம் என்று நினைத்த அணி அது. டெலாப் நடுக்கள ஆட்டக்காரர். அவரால் பந்தைச் சுமார் 38 மீட்டர் எறிய முடியும். ஆனால் தூரத்தைவிட எறிகிற விதம்தான் பயங்கரம். மற்றவர்களின் நீண்ட த்ரோ வானத்துக்குப் போய், யோசித்து, நிதானமாகக் கீழே வரும். டெலாப் எறிந்தால் ஃப்ரீ கிக் மாதிரி தாழ்வாகச் சீறி வந்து ஆறு கஜப் பெட்டிக்குள் விழும். அங்கே ஸ்டோக்கின் நெட்டைத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். எவர்டன் பயிற்சியாளர் டேவிட் மோயஸ் அவரை மனிதக் கவண் என்றார்.

சடங்கு இப்படி நடக்கும். பந்து கோட்டைத் தாண்டியதும் டெலாப் எங்கிருந்தாலும் ஓடி வருவார். பந்து எடுத்துப் போடும் பையன் துண்டை நீட்டுவான். ஈரப் பந்து கையில் வழுக்குமே. அவர் நிதானமாக, பாத்திரம் துடைப்பது போல் பந்தைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். அரங்கத்தில் இரைச்சல் ஏறும். எதிரணி கீப்பர் உள்ளேயும் வெளியேயும் கால் மாற்றி மாற்றி நிற்பார். 2008 நவம்பர் 1 அன்று ஆர்சனல் அணி ஸ்டோக்கில் 2-1 என்று தோற்றது. ஃபுல்லர், ஓலோஃபின்ஜானா அடித்த இரண்டு கோலுக்கும் தொடக்கம் டெலாப் எறிந்த பந்து.

அதே மாதக் கடைசியில் ஹல் சிட்டி வந்தது. அந்த ஆட்டத்தில் கீப்பர் போஅஸ் மைஹில் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. பந்தைப் பக்கவாட்டில் உதைத்தால் த்ரோ-இன். அதனால் வேண்டுமென்றே பின்கோட்டுக்கு வெளியே உதைத்து கார்னரைக் கொடுத்தார்! நூறு வருடமாகக் கால்பந்தில் கார்னர்தான் ஆபத்து, த்ரோ-இன் சாதாரணம். அந்த வரிசையையே ஒரு மனிதனின் தோள்பட்டை மாற்றிவிட்டது. அன்றே ஹல்லின் மாற்று ஆட்டக்காரர் டீன் விண்டாஸ், டெலாப் எறியப்போகும் இடத்துக்கு முன்னால் போய் உடற்பயிற்சி செய்கிற சாக்கில் குறுக்கும் நெடுக்கும் நடந்து மஞ்சள் அட்டை வாங்கினார். ஆடுகளத்துக்குள் காலே வைக்காமல்.

*

எறிபவரிடமிருந்து எதிராளி குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 2005-ல்தான் இந்தத் தூரம் விதியில் ஏறியது. அதுவரை மூக்குக்கு மூக்கு நின்று கையை ஆட்டலாம். குதித்துக் கூத்தாடினால்தான் குற்றம்.

*

டெலாப்புக்கு முன்னோடிகள் உண்டு. 1970 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் சமனில் முடிந்து, ஏப்ரல் 29 அன்று ஓல்டு டிராஃபோர்டில் மறுபடி நடந்தது. செல்சியின் இயன் ஹட்சின்சன், கை இரண்டும் காற்றாடி மாதிரி சுற்ற எறிவார். கூடுதல் நேரத்தில் அவர் எறிந்த பந்து லீட்ஸ் ஆட்டக்காரர் தலையில் உரசிப் போக, டேவிட் வெப் கோலாக்கினார். செல்சிக்கு முதல் எஃப்.ஏ. கோப்பை.

1998-ல் டிரான்மியர் ரோவர்ஸின் டேவ் சலினர் 46.34 மீட்டர் எறிந்து உலக சாதனைப் புத்தகத்தில் ஏறினார். துண்டு வித்தை அங்கேயும் உண்டு.

*

சரி, அதிக தூரம் போக எந்தக் கோணத்தில் எறிய வேண்டும்? பள்ளி இயற்பியலில் 45 டிகிரி என்று படித்திருப்போம். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் லின்த்தோர்னும் டேவிட் எவரெட்டும் ஆராய்ந்து, சுமார் 30 டிகிரிதான் சரி என்றார்கள். பீரங்கிக்கு எந்தக் கோணமும் ஒன்று. மனித உடம்பு அப்படியில்லை. பந்தை மேல்நோக்கி எறிய எறிய வேகம் குறைகிறது. கொஞ்சம் தாழ்த்தி எறிந்தால் கையின் முழு வலுவும் பந்துக்குப் போகும். பந்து பின்பக்கமாகச் சுழன்றால் காற்றே அதைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். டெலாப் இதையெல்லாம் படித்திருக்க வாய்ப்பில்லை. தோளுக்குத் தெரிந்திருந்தது.

*

ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 2016-ல் மூன்றரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அந்த ஆண்டு ஜூன் 27, யூரோ கோப்பை, நீஸ் நகரம். நான்காவது நிமிடத்தில் ரூனி பெனால்டியில் இங்கிலாந்துக்கு ஒரு கோல். ஆறாவது நிமிடத்தில் ஐஸ்லாந்துக்கு ஒரு த்ரோ-இன். கேப்டன் ஆரோன் குன்னார்சன் தூக்கி எறிந்தார், அர்னாசன் தலையால் தட்டிவிட்டார், சிகுர்ட்சன் கோலாக்கினார். குன்னார்சன் சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடியவர். இந்த வித்தையை அவர் அதுவரை ஒளித்து வைக்கவும் இல்லை. ஐரோப்பா முழுக்கத் தெரிந்த ரகசியம் அது. தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 2-1 என்று வென்று இங்கிலாந்தை ஊருக்கு அனுப்பினார்கள்.

*

ஓடி வந்து, பந்தைத் தரையில் ஊன்றி, அதன் மேலேயே கரணம் போட்டு எழுந்து, எழுகிற வேகத்திலேயே எறிவது செல்லுமா? செல்லும். பந்தை விடுகிற கணத்தில் இரண்டு பாதமும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து மேலாக வந்தால் போதும். அதற்கு முன்னால் நீங்கள் என்ன வித்தை காட்டினாலும் விதிக்குக் கவலையில்லை. எஸ்டோனியாவின் ரிஸ்டோ கலாஸ்டே 1990-களில் இதற்காகவே பேசப்பட்டார். நியூகாசிலின் ஸ்டீவ் வாட்சனும் இளவயதில் கரணம் போட்டு எறிவார்.

இதன் பரிதாபமான பதிப்பை உலகமே பார்த்தது. 2018 உலகக் கோப்பை, கசான் நகரம், ஈரானும் ஸ்பெயினும். ஈரான் 0-1 என்று பின்தங்கியிருக்கிறது. ஆட்டம் முடிய வினாடிகள்தான். ஈரானின் மிலாத் முகம்மதி பந்துக்கு முத்தம் கொடுத்தார், பின்னால் போனார், ஓடி வந்தார், கரணம் போட்டார், எழுந்தார்... பந்து கையிலேயே இருந்தது. எறியவில்லை. திரும்பி நடந்து, எல்லாரையும் போல ஒரு சாதாரண த்ரோ எறிந்துவிட்டு ஓடினார். ஆட்டம் முடிந்தது. அன்று சிரிக்காதவர்கள் ஸ்பெயினிலும் இல்லை, ஈரானிலும் ஒருசிலர்தான் இருந்திருப்பார்கள். எனக்கு மட்டும் என்னவோ, அந்த மனிதனின் மேல் பிரியம் வந்துவிட்டது.

*

கரணம் போட்டு எறிந்து 2010-ல் 51.33 மீட்டர் சாதனை படைத்தவர் டென்மார்க்கின் தாமஸ் கிரோனமார்க். இவருடைய முழுநேரத் தொழிலே த்ரோ-இன் பயிற்சி தருவதுதான். 2018-ல் பயிற்சியாளர் யூர்கன் க்ளாப் இவரை லிவர்பூலுக்கு அழைத்தபோது, இதற்கெல்லாமா ஒரு வாத்தியார் என்று கேலி செய்யாத விமர்சகர் குறைவு. கிரோனமார்க் தூரமாக எறிய மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. எறிபவரைச் சுற்றி மற்றவர்கள் எப்படி நகர வேண்டும், யார் இழுத்துக்கொண்டு போக வேண்டும், யார் காலி இடத்துக்கு ஓட வேண்டும் என்பதையும் பழக்கினார். எதிரணி நெருக்கி நிற்கும்போது எடுக்கும் த்ரோ-இன்னில் பந்தைத் தக்கவைத்துக்கொள்வதில், லிவர்பூல் 45.4 சதவீதத்திலிருந்து ஒரே பருவத்தில் 68.4 சதவீதத்துக்குப் போனது. கேலி நின்றது. நீங்களே யோசித்துப் பாருங்கள், ஒரு ஆட்டத்தில் ஐம்பது தடவை நடக்கும் காரியத்தில் பாதியைக் கோட்டை விட்டுக்கொண்டு, இரண்டு தடவை வரும் ஃப்ரீ கிக்குக்குத்தான் எல்லா அணியும் மணிக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது.

*

இன்றைய கின்னஸ் சாதனை 59.817 மீட்டர். 2019 ஏப்ரல் 20 அன்று டெக்சஸின் ஃப்ரிஸ்கோவில் மைக்கேல் லூயிஸ் என்ற அமெரிக்கர் எறிந்தது; அதுவும் கரணம் போட்டுத்தான். ஒப்பிட்டுப் பார்க்க: ஈரானின் கோல் கீப்பர் பெய்ரன்வாந்த் 2016-ல் தென்கொரியாவுக்கு எதிராக, கோல் முனையிலிருந்து ஒரு கையால் எறிந்தது 61.0026 மீட்டர். வில்லியம் கன் இருந்திருந்தால் ஒரு கைதான் உசத்தி என்று வாதாடியிருப்பார்.

*

விதி 'இரண்டு கையாலும்' என்கிறது. ஒரு கையே உள்ளவர் ஆடியதுண்டா? உச்சத்திலேயே ஆடியிருக்கிறார்கள். உருகுவேயின் ஹெக்டர் காஸ்ட்ரோ 13 வயதில் மின்சார ரம்பத்தில் முன்கையை இழந்தவர். 1930-ல் முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி கோல் அவருடையது. ஜெர்மனியின் ராபர்ட் ஷ்லீன்ஸ் 1948-ல் கார் விபத்தில் இடது கையை இழந்தார். அதன் பிறகுதான் ஸ்டுட்கார்ட் அணிக்குத் தலைமை தாங்கி 1950, 1952 இரண்டு ஆண்டும் ஜெர்மன் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

*

த்ரோ-இன்னையே ஒழித்துவிட்டால்? முயன்றிருக்கிறார்கள். 1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், எறிவதற்குப் பதில் காலால் உதைத்து உள்ளே அனுப்பச் சொன்னது ஃபிஃபா. 1994-95 பருவத்தில் இங்கிலாந்தின் டயடோரா லீகிலும் அதே சோதனை. ஷெஃபீல்டின் ஆவி மறுபடி எழுந்தது, ஆனால் நிலைக்கவில்லை. உதைக்க அனுமதித்தால் எந்த அணிதான் பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளும்? ஒவ்வொரு தடவையும் கோலுக்கு முன்னால் தூக்கி அடிக்கத்தான் ஆசை வரும்.

ஃபுட்சாலில் மட்டும் காலால்தான்; அதுவும் 4 வினாடிக்குள். டெலாப்பிடம் அடி வாங்கிய ஆர்சனலின் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர், பின்னாளில் ஃபிஃபா பதவிக்குப் போன பிறகும் த்ரோ-இன்னை மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன காரணத்தில் சத்து இருக்கிறது: எறிபவர் வெளியே நிற்பதால், பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்குத்தான் உள்ளே ஓர் ஆள் குறைவு. பரிசு வாங்கியவனுக்கே நஷ்டம்.

*

அதே வெங்கருக்கு த்ரோ-இன்னோடு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1999 பிப்ரவரி 13, எஃப்.ஏ. கோப்பை, ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும். 1-1. ஷெஃபீல்டு ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டு விழ, அவர்களுடைய கீப்பரே பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை நிறுத்தினார். இப்படிப்பட்ட நேரத்தில் த்ரோ-இன்னைப் பெற்ற அணி பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விதியில் இல்லை, வழக்கம். ஆர்சனலின் ரே பார்லர் அப்படியே ஷெஃபீல்டு கீப்பர் பக்கமாக எறிந்தார். அன்றுதான் ஆர்சனலுக்கு முதல் ஆட்டம் ஆடிய நைஜீரியாவின் கனு, நிலவரம் புரியாமல் பந்தைத் துரத்திப் பிடித்து நடுவே தள்ள, ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். நடுவருக்கு வேறு வழியில்லை, விதிப்படி எல்லாம் சரி. ஷெஃபீல்டு பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸ் தன் ஆட்களை வெளியே கூப்பிடும் அளவுக்குக் கொதித்தார். ஆட்டம் முடிந்ததும் வெங்கரே மறுபடி ஆடலாம் என்று முன்வந்தார், சங்கமும் ஒப்புக்கொண்டது. பத்து நாள் கழித்து ஆடினார்கள். மறுபடியும் ஆர்சனல்தான், மறுபடியும் 2-1.

*

இப்போது முந்தானை முடிச்சு. 2002 செப்டம்பர் 16, பர்மிங்ஹாம் நகரத்துப் பங்காளிச் சண்டை: பர்மிங்ஹாம் சிட்டியும் ஆஸ்டன் வில்லாவும். வில்லாவின் ஓலஃப் மெல்பெர்க் தன் கீப்பர், ஃபின்லாந்தின் பீட்டர் என்கெல்மனுக்கு ஒரு த்ரோ-இன் எறிந்தார். 1997 விதியால் கையால் எடுக்க முடியாது. காலை நீட்டி நிறுத்தப் போனார். பந்து உள்ளங்காலுக்கு அடியில் நழுவி, நிதானமாக உருண்டு, சொந்தக் கோலுக்குள் போனது.

யார் மேலும் படவில்லையென்றால் அது கோல் இல்லை, வெறும் கார்னர். காலில் ஒரு மயிரிழை பட்டிருந்தால் கோல். என்கெல்மன் படவேயில்லை என்றார். எத்தனை தடவை படத்தை ஓட்டிப் பார்த்தாலும் அடித்துச் சொல்ல முடியாத சமாசாரம் அது. நடுவர் டேவிட் எல்லரே பட்டது என்றார், கோல் கொடுத்தார். பர்மிங்ஹாம் ரசிகர் ஒருவர் உள்ளே ஓடிவந்து கீப்பரின் முகத்துக்கு நேராக நின்று கூத்தாடினார். மனிதர் அசையாமல் நின்றார். 3-0. படாதது போலவே ஓடிப்போய் கார்னர் கொடி பக்கம் கையைக் காட்டியிருக்கலாம் என்று பிற்பாடு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தலையில் கை வைத்து நின்றவருக்கு அந்த நேரத்தில் விதி 15 ஞாபகம் வருமா?

ஆறு வருடம் கழித்து, 2008 மே 17. வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். கார்டிஃப் சிட்டியின் கோலில் நிற்பவர் அதே என்கெல்மன். எதிரில் போர்ட்ஸ்மவுத், முன்வரிசையில், 1999-ல் அந்த த்ரோ-இன்னைத் துரத்திய அதே கனு. 37-வது நிமிடத்தில் உடாகா தாழ்வாக அடித்த பந்து என்கெல்மன் கையில் பட்டு நழுவியது. கனு காலால் தட்டிவிட்டார். 1-0, கோப்பை போர்ட்ஸ்மவுத்துக்கு.

இந்தத் தடவை பட்டதா, படவில்லையா என்று யாரும் கேட்கவில்லை.